கீறல் விழாத தொட்டி

ஜல்லி ஏற்றினால் வண்டித் தொட்டியில் கீறல் விழும். இது வண்டிக்காரர்களுக்குத் தெரியும், வண்டி செய்கிற கம்பெனிக்குத் தெரியும், ஜல்லிக்கு வாய் இருந்தால் அதுவும் சொல்லும். தெரியாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் பாக்கியிருந்த ஒரு பெரிய அதிகாரி. அவர் புது பிக்கப் வண்டி வாங்கி, வீட்டுத் தோட்டத்துப் பாதையில் கொட்டுவதற்காக ஒரு நடை ஜல்லி அள்ளிக்கொண்டு வந்தார். இறக்கிவிட்டுப் பார்த்தால் வெள்ளைத் தொட்டியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். மூன்று நாள் சாப்பிடவில்லை என்கிறார்கள். நாலாம் நாள் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போய் ஒரு குறிப்பு எழுதினார். குறிப்பு கோப்பாகி, கோப்பு சட்டமாகி, சட்டத்துக்கு மூன்று மாடிக் கட்டடமும் கட்டி, வாசலில் 'சரக்குத் தொட்டிப் பாதுகாப்பு ஆணையம்' என்று பலகை மாட்டியபோது அவரே அதற்கு ஆணையர் ஆனார். ஓய்வு பெறும் பேச்சு அதோடு நின்றுபோனது.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒரு நீளமான தாழ்வாரம் வரும். இரண்டு பக்கச் சுவரிலும் கீறல்கள், பள்ளங்கள், துருப் புள்ளிகள் எல்லாம் பெரிதாக்கிய புகைப்படங்களாகத் தொங்கும். ஒவ்வொன்றின் கீழும் காரணம் எழுதியிருக்கும்: 'ஈர மணல், அலட்சியம்.' 'உடைந்த செங்கல், கொடூரம்.' முதல் மாடியில் துருப் பிரிவு, இரண்டாம் மாடியில் பள்ளப் பிரிவு, மூன்றாம் மாடியில் கீறல் பிரிவு. மூன்றாம் மாடிக்குத்தான் மதிப்பு அதிகம். ஆணையரின் துயரம் அங்கிருந்துதான் தொடங்கியது. இங்கே யாரும் கை நீட்டிக் காசு வாங்க மாட்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வாங்கியிருந்தால் சில பேர் பிழைத்திருப்பார்கள்.

இந்தக் கட்டடத்தைப் பற்றி நம் பிக்கப்காரர் கேள்விப்பட்டிருந்தார், ஆனால் பயப்படவில்லை. பத்தொன்பது வருடமாக மணல், மண், ஜல்லி, இடித்த கட்டடத்துச் சக்கை என்று எல்லாவற்றையும் சுமக்கிறவர். அவர் தொட்டியை வைத்திருந்த விதமே தனி. சரக்கு ஏற்றுமுன் கனமான பழைய தார்ப்பாய் ஒன்றைத் தொட்டிக்குள் மடிப்பில்லாமல் விரிப்பார். அதன் ஓரங்கள் நாலு பக்கமும் வெளியே தொங்கும். பின்கதவின் இடுக்கில் கல் மாட்டாமல் இருக்க உள்பக்கம் ஒரு பிளைவுட் பலகை. ஜல்லியை உயரத்திலிருந்து கொட்ட விடமாட்டார், கீழே இறக்கிக் கொட்டச் சொல்லி நின்று கத்துவார். மேலே இன்னொரு தார்ப்பாய் மூடி, கயிறு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இறக்கும்போது பாதிவரை மண்வெட்டியால் அள்ளுவார். அப்புறம் இரண்டு ஆளாக அடித் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தால் மிச்சம் அத்தனையும் சரசரவென்று வெளியே வந்துவிடும். தொட்டியில் மண்வெட்டி படவே படாது. இதை அவருக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை.

அந்த வருடம் அவர் கவலையெல்லாம் அக்காவைப் பற்றித்தான்.

அக்கா அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு தம்பியைக் குளிப்பாட்டி, தலைவாரி, அடித்து, அணைத்து வளர்த்தவரும் அவர்தான். எல்லாம் மணிப்படி நடக்கும். மேட்டுச்சரிவுக்கு அடியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். வீட்டுக்குப் பின்னால் சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் ஓர் ஆள் உயரச் சுவர். கொஞ்ச நாளாக அது முன்பக்கமாக உப்பிக்கொண்டு வந்தது. கொத்தனார் வந்து பார்த்தார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"செவுத்து மேல தப்பு இல்லம்மா. பின்னால தண்ணி தேங்குது, அதான் தள்ளுது. பின்பக்கம் மண்ணை எடுத்துட்டு ஜல்லி போட்டு நெரப்பிட்டா தண்ணி வடிஞ்சு போயிரும். பதினாலு நடை ஜல்லி வேணும்."

"அதுக்கென்ன, என் தம்பி வண்டி வச்சிருக்கான்" என்றார் அக்கா.

கொத்தனார் இடுப்பளவு ஆழத்துக்குச் சுவரின் பின்னால் நீளமாகப் பள்ளம் தோண்டினார். சந்து குறுகல், லாரி வராது. பிக்கப் மட்டும்தான் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நுழையும். பிக்கப்காரர் முதல் நாளே மூன்று நடை கொட்டிவிட்டார். இன்னும் பதினொன்று. மழைக்கு இரண்டு வாரம் இருந்தது. நாலு நாள் வேலை.

நாலாவது நடையில் ஆணையத்தின் ஆய்வாளர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். கழுத்தில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் தொங்கின. நோயாளியைப் பார்க்க வந்த டாக்டர் மாதிரி தொட்டியின் பக்கவாட்டில் விரலால் இரண்டு முறை தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஜல்லிக்கு அடியில என்ன?"

"தார்ப்பாய் சார்."

"தார்ப்பாய்க்கு அடியில?"

"தொட்டி."

"அப்ப நடுவுல ஒண்ணுமே இல்ல."

"நடுவுலதான் சார் தார்ப்பாய் இருக்கு."

"ஜல்லிக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்கு. தார்ப்பாய்க்கும் தொட்டிக்கும் நடுவுல என்ன இருக்குன்னு கேக்கறேன்."

பிக்கப்காரர் யோசித்துப் பார்த்தார். அங்கே எதுவும் இருந்ததாக நினைவில்லை.

"உங்க தொட்டி கஷ்டப்படுதுங்க" என்று ஆய்வாளர் வருத்தத்துடன் சொன்னார். "நாங்க பாதுகாப்புல எடுத்துக்கறோம்."

"வண்டியப் பறிமுதல் பண்றீங்களா?"

"சேச்சே! அந்த மாதிரி வார்த்தையெல்லாம் நாங்க பேசறதில்ல. தொட்டிய மட்டும்தான் எடுத்துக்கறோம். வண்டிய நீங்க தாராளமா ஓட்டிட்டுப் போகலாம்."

"சார், ரெண்டும் ஒண்ணாச்சே. போல்ட் போட்டு இறுக்கியிருக்கு."

"அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம்."

வண்டி ஆணையத்தின் கிடங்குக்குப் போனது. அங்கே ஏற்கனவே நாற்பது பிக்கப்புகள் வரிசையாக நின்றன. ஊரில் மிச்சமிருந்த பிக்கப்காரர்கள் வண்டியை வைக்கோல்போரில் மறைக்காத குறையாகப் பதுக்கியிருந்தார்கள். வாடகைக்குக் கேட்டுப் போன நம் ஆளை வாசலிலேயே நிற்க வைத்து, "வண்டியா? எங்கிட்ட வண்டி இருக்குன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட ஒருவரின் கையில் வண்டிச் சாவி தொங்கியது.

அடுத்த பிரச்சினை தொட்டியில் இருந்த ஜல்லி. அப்படியே விட்டால் பாரத்தில் தொட்டி அமுங்கும் என்றது பள்ளப் பிரிவு. மண்வெட்டியால் அள்ளினால் கீறும் என்றது கீறல் பிரிவு. தார்ப்பாயை இழுத்தால் போதும் என்று பிக்கப்காரர் சொன்னார். அது ஆணையம் அங்கீகரித்த முறை இல்லை. கடைசியில் இரண்டு ஊழியர்கள் கையுறை மாட்டிக்கொண்டு வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஜல்லியை ஒவ்வொரு கல்லாக எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்த கல்லை மெத்தென்ற துணியில் வைப்பார்கள். எண்ணை எழுதிக்கொள்வார்கள். அடுத்த கல். ஒரு நாளைக்கு நானூறு கல்.

"நானும் ஒரு கை குடுக்கறேங்க" என்றார் பிக்கப்காரர்.

"உங்களுக்குப் பயிற்சி இல்ல" என்றார் ஒரு ஊழியர் கல்லிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பத்தொம்பது வருஷமா இதத்தான் பண்றேன்."

"அதான் சொன்னேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிக்கப்காரர் விண்ணப்ப அறையின் ஜன்னல் முன்னால் நின்றார். உள்ளே இருந்த எழுத்தர் அம்மாள் நல்ல மாதிரி. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்பித் தந்தார். 'சரக்கு தொட்டியைத் தொடுகிறதா?' என்று ஒரு கேள்வி. தன் முறையைப் பெருமையாக விளக்கி, தொடவே தொடாது, தார்ப்பாயில்தான் இருக்கும் என்று சொன்னார் நம் ஆள். அம்மாள் அதை அப்படியே எழுதினார். பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"சரக்கு தொட்டியில இல்லன்னா, தொட்டியில சரக்கு ஏத்தவே இல்லன்னு ஆகுது."

"ஆமாம்மா, அப்படியே வச்சுக்குங்க. வண்டிய விட்டுருங்க."

"இல்லைங்க, சரக்கச் சுமந்தது தார்ப்பாய். அப்ப தார்ப்பாய்தான் வாகனம். அதுக்குப் பதிவு எண் வேணுமே?"

"தார்ப்பாய்க்கா?"

"எனக்கும் புரியுதுங்க, ஆனா சிஸ்டத்துல அந்தக் கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் திறக்காது" என்றார் அம்மாள். அவர் கண்ணில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பதிவு எண் இல்லாத வாகனம் ஓட்டியதற்காகத் தார்ப்பாயும் சாட்சியப் பொருள் பட்டியலில் ஏறியது.

அதன்பிறகு ஆறு நாள் மாடிப்படி ஏறி இறங்கினார். தார்ப்பாய்க்கு அடியில் ரப்பர் பாய் போட்டால் விடுகிறோம் என்றது கீறல் பிரிவு. சரி என்று ரப்பர் பாய்க்கு எழுதிக் கொடுத்தார். ரப்பரும் தகரமும் உரசினால் வண்ணம் போகும், அடியில் கம்பளி விரிக்க வேண்டும் என்று அதே பிரிவு அடுத்த நாள் சேர்த்துக்கொண்டது. கம்பளி ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு ஏறும் என்று முதல் மாடி மறுத்தது. தண்ணீர் வடிய ஒரு துளை போடலாமா என்று கேட்டதற்கு, "தொட்டியில ஓட்டை போடறதா? இத எழுத்துல குடுப்பீங்களா?" என்று இரண்டாம் மாடி எழுந்தே நின்றுவிட்டது. மூன்று மாடிகளும் ஒப்புக்கொண்ட ஒரே தீர்வு, தொட்டியில் எதையும் ஏற்றாமல் இருப்பது. அதற்கு மட்டும் சான்றிதழ் உடனே கிடைக்கும்.

ஒவ்வொரு நாளும் மாலையில் அக்கா போன் செய்வார். சரியாக ஐந்தரைக்கு.

"என்னடா ஆச்சு?"

"நாளைக்கு விட்டுருவாங்கக்கா."

"நேத்தும் இதத்தானே சொன்ன?"

"நேத்து சொன்ன நாளைக்கு வேற, இது வேற."

அக்கா சிரிப்பார். அவருக்குத் தம்பிமேல் நம்பிக்கை இருந்தது. நம் ஆளுக்கு ஆணையத்தின் மேல் இருந்தது. அதுதான் அவர் செய்த தப்பு, வேறெதுவும் இல்லை. வண்டி நாளைக்கு வந்துவிடும் என்று பதினோரு நாள் நம்பியதில், தோண்டிய மண்ணையாவது திரும்பப் போட்டுப் பள்ளத்தை மூடிவிடலாம் என்று கொத்தனார் சொன்னதைக் கேட்கவில்லை. மூடிவிட்டு மறுபடி தோண்டுவது வீண் வேலை என்று நம் ஆளே சொல்லித் தடுத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மழை வந்தது. மூன்று நாள் முன்னதாக.

மூன்று நடை ஜல்லியோடு நின்றுபோன பள்ளம் குட்டையானது. அக்கா இரவில் தம்பி வீட்டில் படுத்துக்கொண்டார். பொழுது விடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்துத் தண்ணீரை இறைத்தார். ஆறு மணிக்கு ஒரு முறை, ஒன்பதுக்கு ஒரு முறை, பன்னிரண்டு, மூன்று. மணி அடித்த பழக்கம். பிக்கப்காரரின் மனைவியும் கூடப் போய் இறைத்தார்.

"அண்ணி, செவுத்துக்கிட்ட நிக்காதீங்க" என்று அவர் சொன்னால், "நான் கிட்ட நிக்கலைன்னா தண்ணி எப்படிம்மா வெளிய வரும்?" என்பார் அக்கா. இரண்டு பேரும் பல வருடமாக ஒருவரை ஒருவர் குறை சொல்லியே வாழ்ந்தவர்கள். அந்த மூன்று நாள் சண்டை போடவில்லை.

பிக்கப்காரர் ஆணையத்தில் கேட்டது இப்போது வண்டியைக்கூட இல்லை. "எடுத்து வச்ச ஜல்லியையாவது குடுங்க சார். சாக்குல கட்டித் தலையில தூக்கிட்டுப் போறேன்" என்றார். ஜல்லி சாட்சியப் பொருள் என்றார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் எண் இருந்தது.

இதற்குள் கிடங்கில் ஒரு பரபரப்பு. தொட்டிப் பாதுகாப்பு வாரம் நெருங்கியதால் ஆணையரே உத்தரவு போட்டு, முப்பது ஊழியர்கள் சுற்றி உட்கார்ந்து, நம் ஆளின் தொட்டியை இரண்டே நாளில் காலி செய்திருந்தார்கள். பார்த்தால், உள்ளே ஒரு கீறல் இல்லை. பத்தொன்பது வருடம் ஜல்லி சுமந்த தொட்டி நேற்றுக் கம்பெனியிலிருந்து வந்தது மாதிரி சுத்தமாக இருந்தது. பூதக்கண்ணாடியோடு ஆய்வாளர் உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டு தேடினார். எழுந்து வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

பிக்கப்காரருக்கு உயிர் வந்தது. "அதான் சார் சொன்னேன்! தார்ப்பாய் போட்டா ஒண்ணும் ஆகாது. இப்ப எடுத்துட்டுப் போகலாமா?"

"எப்படிங்க?" என்றார் ஆய்வாளர் நிஜமான அதிர்ச்சியோடு. "நாட்டுலயே இப்படி ஒரு தொட்டி இல்ல. இத 'மாதிரித் தொட்டி'ன்னு அறிவிச்சிருக்கோம். வெளிய விட்டா நீங்க திரும்ப ஜல்லி ஏத்துவீங்க."

விழா மறுநாள் காலை பத்து மணிக்கு. மழை விட்டுவிட்டுப் பெய்தது. மைதானத்தில் ஒரே ஒரு கூடாரம்தான் இருந்தது. அதற்கடியில் மாதிரித் தொட்டியை நிறுத்தி ரிப்பன் கட்டியிருந்தார்கள். பார்வையாளர்கள் நாற்காலியில் நனைந்துகொண்டிருந்தார்கள். தொட்டியின் உரிமையாளருக்குப் பாராட்டுப் பத்திரம் தருவதாக அழைத்திருந்ததால் பிக்கப்காரர் மேடையின் ஓரத்தில் இருந்தார். ஆணையரிடம் நேரில் கேட்டுவிடலாம் என்பதற்காகத்தான் வந்தார்.

ஆணையர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! ஒரு தொட்டிக்கு எதிரி யார்? மணலா? இல்லை. கல்லா? இல்லை. பயன்பாடு! பயன்படுத்த வேண்டும் என்கிற அந்தப் பேராசைதான் எதிரி. என்னிடம் சில பேர் கேட்கிறார்கள், சரக்கு ஏற்றவில்லை என்றால் தொட்டி எதற்கு என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், தொட்டியே கெட்டுப்போனால் சரக்கை எதில் ஏற்றுவீர்கள்? (கைதட்டல்.) நாங்கள் வந்தபோது இந்த ஊரில் ஒரு நாளைக்கு ஆயிரம் நடை ஓடியது. இன்று பதினேழு. இதைச் சாதனை என்று நான் சொல்லமாட்டேன். பதினேழும் நின்ற பிறகு சொல்வேன்!"

கைதட்டல் அடங்கவில்லை. அப்போதுதான் பிக்கப்காரரின் போன் அடித்தது. மனைவி.

"செவுரு விழுந்துருச்சுங்க" என்றார். பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம். "அண்ணி அடியில மாட்டிக்கிட்டாங்க. கொத்தனார்தான் இழுத்து வெளிய எடுத்தாரு. மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸ் சந்துக்குள்ள நுழைய மாட்டேங்குது, மெயின் ரோட்டுலயே நிக்குது. சந்து முழுக்கச் சேறு, தூக்கிட்டு வந்தா வழுக்குது. வண்டிய எடுத்துட்டு வாங்க. எப்படியாவது எடுத்துட்டு வாங்க."

பிக்கப்காரர் எழுந்து போய் ஆணையரின் கையைப் பிடித்தார். இவ்வளவு நாள் சார், சார் என்று குனிந்தவர் அப்போதும் சார் என்றுதான் சொன்னார்.

"சார், என் அக்கா மேல செவுரு விழுந்துருச்சு. வண்டிய விடுங்க சார். ஆஸ்பத்திரில விட்டுட்டு நானே கொண்டு வந்து நிறுத்தறேன்."

மைக் திறந்திருந்ததால் எல்லோரும் கேட்டார்கள். ஆணையர் மனிதாபிமானம் உள்ளவர். விழாவை அங்கேயே நிறுத்திவிட்டு மூன்று பிரிவுத் தலைவர்களையும் மேடைக்குப் பின்னால் கூட்டினார். ஒரு ஊழியர் விதிப்புத்தகத்தைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு வந்தார்.

"முதல்ல இது உதிரிச் சரக்கான்னு பாக்கணும்" என்றார் கீறல் பிரிவுத் தலைவர். "குவிச்சா சரியறது எதுவோ அது உதிரிச் சரக்கு. சரிவாங்களா?"

"சார், அது என் அக்கா!"

"பதறாதீங்க. உங்களுக்குச் சாதகமாத்தான் பேசிட்டிருக்கேன். சரிய மாட்டாங்க. உதிரி இல்ல."

"ஆனா மூச்சு இருக்குன்னு சொல்றாரே" என்றார் பள்ளப் பிரிவுத் தலைவர், பக்கத்தைப் புரட்டியபடி. "மூச்சு இருந்தா பயணி. பயணியத் தொட்டியில ஏத்தக் கூடாது. பாதுகாப்பு இல்ல."

"யாருக்குப் பாதுகாப்பு இல்ல?" என்றார் துருப் பிரிவுத் தலைவர்.

"அது இதுல போடல."

"விதிவிலக்கு கொடுக்கலாமா?" என்று ஆணையர் கேட்டார். மூன்று பேரும் யோசித்தார்கள். விதிவிலக்குக் குழுவில் ஐந்து பேர் வேண்டும், இங்கே நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் விடுப்பில் இருந்தார். அவருக்குப் போன் செய்தார்கள். அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்தார்கள். பிக்கப்காரர் வண்டியை நோக்கி ஓடினார்; சாவி ஆய்வாளரின் பையில் இருந்தது, கூடாரத்தைச் சுற்றிக் காவலுக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். ஓடிப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும் தூரம். அவர் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மணி பன்னிரண்டு ஆகச் சில நிமிடம் இருக்கும்போது போன் மறுபடி அடித்தது. மனைவி பேசவில்லை. கொத்தனார் பேசினார்.

"அண்ணே, சந்துலயே போயிருச்சுண்ணே. கதவக் கழட்டி அது மேல வச்சுத்தான் தூக்கியாந்தோம். பாதி வழியில... ஆம்புலன்ஸ்காரரும் கையப் புடிச்சுப் பாத்துட்டு, இனி நாங்க ஏத்தக் கூடாதுன்னு போயிட்டாரு. மழையில வச்சிருக்கோம். வண்டி வருமாண்ணே?"

பிக்கப்காரர் போனைக் காதிலிருந்து இறக்கினார். அவர் முகத்தைப் பார்த்துப் பள்ளப் பிரிவுத் தலைவரே புரிந்துகொண்டார். தலைவரின் நெற்றிச் சுருக்கம் மறைந்தது.

"அப்ப சிக்கல் தீந்துருச்சு" என்றார். "இப்ப பயணி இல்ல. உதிரியும் இல்ல. அனுமதி உண்டு."

அனுமதிச் சீட்டு எழுதி முத்திரை குத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆணையம் இவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை என்று அங்கிருந்தவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். ஆணையரே ரிப்பனை வெட்டினார். யாரோ பழக்கத்தில் கைதட்டிவிட்டார்கள்.

கூடாரத்தின் மூலையில் புது ரப்பர் பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. பிக்கப்காரர் அதைக் காட்டினார்.

"அதுல ஒண்ணு குடுங்க சார். கீழ விரிக்க."

ஆய்வாளர் தயங்கினார். கெட்ட மனிதர் இல்லை. "அது தொட்டிக்குச் சேதம் வராம இருக்கறதுக்குங்க. அவங்களால தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது. தேவையில்லாம எதுக்கு?" என்றார்.

தொட்டிக்குச் சரக்கால் சேதம் வராமல் காக்க நூற்றெழுபது விதிகள் இருந்தன. சரக்குக்குத் தொட்டியால் சேதம் வராமல் காக்க ஒன்றும் இல்லை.

சந்தில் பிக்கப்காரரும் கொத்தனாரும் அக்காவைத் தூக்கி வெறும் தகரத்தின்மேல் வைத்தார்கள். தொட்டித் தரை வரிவரியாக மேடு பள்ளமாக இருக்கும். ஜல்லிக்கு அது தெரியாது. மனைவி உள்ளே ஏறி அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். கூடவே வந்திருந்த ஆய்வாளர், "அம்மா, நீங்க பயணி" என்று மெதுவாகச் சொல்லி அவரை இறக்கி முன் இருக்கைக்கு அனுப்பினார். பிக்கப்காரர் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அக்காவின் தலைக்கடியில் வைத்தார். அக்காவின் தலைமுடியில் சரிவு மண் அப்பியிருந்தது. அதை விரலால் எடுத்தெடுத்து வெளியே போட்டார், தொட்டியில் விழாமல். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதை நினைத்து அவர் பிறகு பல தடவை அழுதிருக்கிறார்.

பிரேதப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிவரை வண்டி நடக்கிற வேகத்தில்தான் போனது. ஒவ்வொரு குழியிலும் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிக்கப்காரரால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும் என்று அனுமதிச் சீட்டில் இருந்தது. நிறுத்தினார். ஆய்வாளர் டார்ச் அடித்துத் தொட்டியை மூலைமூலையாகப் பார்த்தார். ஓரிடத்தில் குனிந்து கைக்குட்டையால் எதையோ துடைத்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

"சேதம் ஏதாவது உண்டான்னு உரிமையாளர்தான் எழுதணும். கையெழுத்து கீழ."

பிக்கப்காரர் படிவத்தை வண்டி முகப்பில் வைத்து நிதானமாகப் படித்தார். 'பயணத்தின் காரணமாக ஏற்பட்ட சேதம்' என்று இருந்த இடத்தில் 'என் அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆய்வாளர் வாங்கிப் படித்தார். அவருக்கும் அக்கா இருந்திருக்கலாம்.

"புரியுதுங்க" என்றார். "ஆனா தொட்டிக்கு ஆனத மட்டும்தான் இதுல எழுதணும்."

அவரே பேனாவை எடுத்து, கோடு நேராக வர வேண்டும் என்பதற்காக அடையாள அட்டையை ஓரமாக வைத்து, அந்த இரண்டு வார்த்தையையும் ஒரே கோட்டில் அடித்தார். மேலே 'இல்லை' என்று எழுதினார். அடித்தல் இருந்தால் படிவம் செல்லாது. அடித்த இடத்துக்குப் பக்கத்தில் உரிமையாளர் சுருக்கொப்பம் போட்டுத் தர வேண்டும் என்றார்.

பிக்கப்காரர் போட்டுக் கொடுத்தார்.